ஆய்வகத்தின் வாசலோடு நின்றுவிடும் பொறுப்பு: தேனி மலைச்சரிவு வழக்குகளும் தடய அறிவியலும்

தடய அறிவியல் ஆய்வகம் தரும் அறிக்கையைக் குற்றவியல் நீதிமன்றங்கள் மற்ற எந்தச் சாட்சியத்தையும்விட எளிதில் நம்புகின்றன. கண்ணால் கண்டதாகச் சொல்பவர் பகையாலோ பயத்தாலோ மாற்றிச் சொல்லக்கூடும் என்றும், காவல் நிலையத்தில் வாங்கிய வாக்குமூலம் அடிக்கும் மிரட்டலுக்கும் பயந்து வந்திருக்கக்கூடும் என்றும் ஐயுறும் சட்டம், அரசு ஆய்வகத்தின் முத்திரையோடு வரும் தாளை மட்டும், அதை எழுதியவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாக ஏற்றுக்கொள்ள வழி செய்திருக்கிறது. அறிவியல் ஆள் பார்த்து முடிவு சொல்வதில்லை என்பதால் அந்த நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை உண்டு. ஆயினும் அந்த அறிவியலைச் செய்பவர்கள் சம்பளத்துக்கு உழைக்கும் மனிதர்கள்; வேலைப்பளுவும் மேலிடத்து அவசரமும் சில வேளைகளில் பதவி ஆசையும் அவர்களையும் தொடும். அவர்கள் பணியில் பிழையோ அலட்சியமோ மோசடியோ நேரும்போது யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால் முன்பே தண்டிக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்று உண்மையைச் சொல்லும் கடமை யாருடையது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் இந்தியச் சட்டத்தில் இன்றுவரை தெளிவான விடை இல்லை.

இந்த இடைவெளியை ஆராய, போடிநாயக்கனூரையும் ஏலமலைச் சரிவுகளையும் கம்பம் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய தேனி மாவட்டம் பொருத்தமான களமாக அமைகிறது. தடயப் பொருள்களைக் கையாள்வது குறித்து நாடு முழுவதற்கும் பொருந்தும் உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் பிறப்பிக்கக் காரணமாக இருந்த வழக்கு இம்மாவட்டத்தில் நடந்தது. அத்துடன், கேரள எல்லையை ஒட்டிய இதன் மலைப்பாதைகளில் ஆண்டுதோறும் பதிவாகும் கஞ்சா வழக்குகளில், ஒருவர் சிறையில் கழிக்கப்போகும் ஆண்டுகளை மதுரை ஆய்வகத்தின் ஓர் அறிக்கை பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

சுருளி வழக்கு

ஏலமும் தேயிலையும் விளையும் மேகமலையின் அடிவாரத்தில், கம்பத்துக்கு அருகே உள்ள சுருளி அருவிப் பகுதியில் 2011ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இளம் பெண்ணும் இளைஞரும் கொல்லப்பட்டனர். அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் ஆளாக்கப்பட்டிருந்தார். இந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தேனி அமர்வு நீதிமன்றம் 2018இல் மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அதை உறுதி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 2025 ஜூலை 15 அன்று அவரை விடுதலை செய்தது.

நேரில் கண்ட சாட்சி இல்லாத இவ்வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சான்றுகளின் மேல் நின்றது. அவற்றுள் கனமானது டிஎன்ஏ அறிக்கை. டிஎன்ஏ என்பது உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் மரபுப் பொருள். குற்ற இடத்தில் கிடைத்த உயிரணுக்களின் டிஎன்ஏ அமைப்பு ஒருவருடையதோடு ஒத்துப்போனால், தற்செயலாக அப்படி ஒத்துப்போகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் அந்த உறுதி, சோதிக்கப்பட்ட மாதிரி உண்மையிலேயே எடுக்கப்பட்ட மாதிரிதான் என்பதும் இடையில் அது மாசுபடவில்லை என்பதும் மெய்ப்பிக்கப்பட்ட பிறகே வரும். எடுத்தவர் யார், எங்கே எப்படி வைக்கப்பட்டது, யார் கொண்டு சென்றார், எந்த நாளில் யார் பெற்றுக்கொண்டார் என்று ஒவ்வொரு கையையும் காட்டும் இந்தப் பதிவைக் கைமாற்றுத் தொடர் எனலாம். சுருளி வழக்கில் அந்தத் தொடர் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், மாதிரிகள் ஆய்வகம் சென்றடைந்ததில் இருந்த தாமதத்துக்கு விளக்கம் இல்லை என்றும், மாசுபட்டிருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கண்டது. ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானது என்று இரண்டு நீதிமன்றங்கள் கருதிய சான்று, மூன்றாவது நீதிமன்றத்தில் நம்பத்தகாததாயிற்று.

தீர்ப்பின் இறுதியில் நீதிமன்றம் நான்கு உத்தரவுகளைப் பிறப்பித்தது. டிஎன்ஏ மாதிரி எடுக்கும்போதே முதல் தகவல் அறிக்கை எண், சட்டப் பிரிவு, காவல் நிலையம், புலனாய்வு அதிகாரியின் விவரம் ஆகியவற்றோடு ஆவணம் எழுதப்பட்டு, மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் அதில் கையொப்பமிட வேண்டும். எடுத்த நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்தைச் சேர்வதற்குப் புலனாய்வு அதிகாரியே பொறுப்பு. தாமதமானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கவோ மீண்டும் முத்திரையிடவோ கூடாது. எடுத்த நாள் முதல் தண்டனையோ விடுதலையோ கிடைக்கும் நாள் வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் பதியும் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும்; அது விசாரணை நீதிமன்றக் கோப்பின் பகுதியாக வேண்டும்; அது இல்லாமற்போனால் புலனாய்வு அதிகாரி விளக்கம் தர வேண்டும். தவறாகச் சிறைப்பட்டவருக்கு இழப்பீடு தருவது குறித்தும் நீதிமன்றம் பேசியது. ஆனால் அதைச் சட்டமன்றங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது.

இவை காலம் கடந்து வந்தாலும் மிகவும் தேவையான உத்தரவுகள். அதே சமயம், இவற்றைக் கூர்ந்து படிப்பவர் ஒன்றைக் கவனிக்கக்கூடும். கணக்குக் கேட்கப்படுபவர் எல்லா இடத்திலும் புலனாய்வு அதிகாரிதான். பொட்டலம் ஆய்வகத்தின் வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே என்ன நடந்தது, யார் திறந்தார், எந்தச் சோதனையைச் செய்தார், எந்தச் சோதனையைச் செய்யாமலே செய்ததாக எழுதினார், அவர் செய்த பழைய சோதனைகளில் என்னென்ன பிழைகள் இருந்தன என்பவற்றை இந்த உத்தரவுகள் கேட்கவில்லை. வழக்கின் தேவை அந்த வாசலோடு முடிந்தது என்பதால் நீதிமன்றத்தைக் குறை சொல்ல இடமில்லை. வாசலுக்கு அப்பால் பார்க்கும் வேலை சட்டமியற்றுபவர்களுடையது.

24 கிராம் மாதிரியின் பயணம்

ஏலமலைச் சரிவின் கஞ்சா வழக்குகளில் இந்தப் பிரச்சினை இன்னும் அன்றாடமானது. போடியிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடியும் இடத்தில் போடிமெட்டுச் சோதனைச் சாவடி இருக்கிறது. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகள் இந்த வழியே ஏறுகின்றன. இதே வழியும், கம்பம்மெட்டு, குமுளி வழிகளும் கஞ்சா கடத்தலுக்கும் பயன்படுகின்றன. பிடிபடுபவர்களில் கூலிக்குச் சுமந்து செல்லும் ஏழைகள் பலர்.

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 இயற்றப்பட்டுள்ள விதத்தில், ஆய்வக அறிக்கையின் ஒவ்வொரு சொல்லும் ஆண்டுகளாக மாறுகிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல் 20 கிலோவுக்குள் இருந்தால் பத்தாண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு சிறை, அதோடு பெருந்தொகை அபராதம். வணிக அளவு வழக்கில் பிணை கிடைப்பதும் அரிது. சட்டத்தின் வரையறைப்படி, கஞ்சாச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளே கஞ்சா. நுனிகள் உடனில்லாத விதையும் இலையும் கஞ்சா ஆகா. எனவே ஒரு மூட்டையில் இருப்பது என்ன, அதில் நுனிகள் உண்டா, எத்தனை பொட்டலங்களிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது என்பன உயிர்நாடியான கேள்விகள். இவற்றுள் முதல் இரண்டுக்கும் விடை சொல்லக்கூடியது ஆய்வகம் மட்டுமே.

சோதனைக்குச் செல்லும் கஞ்சா மாதிரியின் அளவு 24 கிராம். ஆய்வகத்தில் பகுப்பாய்வாளர் அதை முதலில் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார். கஞ்சா இலையின் மேற்பரப்பில் வளைந்த நுண்மயிர்கள் இருக்கும். அவற்றின் அடியில் கால்சியம் கார்பனேட் படிந்திருப்பதால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டால் நுரை எழும். அடுத்தது நிறச் சோதனை. கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாற்றோடு ஃபாஸ்ட் புளூ பி என்னும் உப்பைச் சேர்த்தால் கஞ்சாவின் வேதிப்பொருள்கள் சிவந்த நிறம் காட்டும். இவை முதற்கட்டச் சோதனைகள். வேறு பொருள்களும் ஒத்த நிறம் தரக்கூடும் என்பதால், சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வண்ணப்பிரிகை முறையில் அதை உறுதி செய்ய வேண்டும். கவனமாகச் செய்தால் இவை நம்பத்தக்க சோதனைகள். ஆனால் நன்கு பழகிய கண்ணுக்குப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாலே கஞ்சா தெரிந்துவிடும். மேசையில் மாதிரிகள் குவியும்போது, சோதனையைச் செய்யாமலே செய்ததாக எழுதிவிடும் சபலம் இங்கேதான் பிறக்கிறது. அப்படி எழுதப்பட்ட அறிக்கையும் முறையாகச் செய்து எழுதப்பட்ட அறிக்கையும் நீதிமன்றத்தில் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும்.

ஆய்வகத்துக்கு முந்தைய கட்டத்தை நீதிமன்றங்கள் ஓரளவு ஒழுங்குபடுத்தியுள்ளன. பிடித்த இடத்திலேயே காவலர்கள் மாதிரி எடுத்துவிடும் பழக்கத்தை மாற்றி, நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்கப்பட்டு அவரால் சான்றளிக்கப்பட வேண்டும் என்று மோகன்லால் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகளும் அதையே வகுத்தன. இருந்தும் பொருள் பாதுகாப்பு இன்னும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை 2023இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு காட்டியது. கைப்பற்றிய சுமார் 22 கிலோ கஞ்சாவில், சோதனைக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்பிய சிறிதளவு போக மீதியை எலிகள் தின்றுவிட்டன என்று காவல்துறை சொல்ல, குற்றஞ்சாட்டப்பட்ட இருவரும் விடுவிக்கப்பட்டனர். அலட்சியத்தின் பலன் அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக முடிந்தது. அதே அலட்சியம் எத்தனை வழக்குகளில் அவருக்குப் பாதகமாக முடிந்திருக்கும் என்பதைக் கண்டறியும் ஏற்பாடு எதுவும் இல்லை.

கேள்விக்கு உட்படாத அறிக்கை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அரசு வேதியியல் ஆய்வாளர், மத்திய மாநிலத் தடய அறிவியல் ஆய்வகங்களின் இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் முதலானோரின் அறிக்கைகளை, அவர்களை விசாரிக்காமலே சான்றாக ஏற்க அப்பிரிவு அனுமதிக்கிறது. நீதிமன்றம் பொருத்தமெனக் கருதினால் அவர்களை அழைக்கலாம்; அழைத்தாலும், வர இயலாதவர் வழக்கின் விவரம் அறிந்த வேறோர் அலுவலரை அனுப்பலாம். சோதனையைச் செய்த கையைத் தேடிப் போனால், கையொப்பமிட்ட மேலதிகாரியோ அவர் அனுப்பிய பிரதிநிதியோதான் எதிரே நிற்பார்கள் என்னும் நிலை இதனால் உருவாகிறது.

மறுசோதனைக் கதவும் ஏறக்குறைய அடைத்தே இருக்கிறது. போதைப்பொருள் வழக்குகளில் மறுசோதனை மிக அரிதான சூழலில் மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும் என்றும், அதற்கான மனுவை அறிக்கை கிடைத்த 15 நாள்களுக்குள் தர வேண்டும் என்றும் தானா சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. வழக்குகள் முடிவின்றி இழுபடுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆயினும், சிறையில் இருக்கும் ஏழைக்கு ஆய்வக அறிக்கை பெரும்பாலும் குற்றப்பத்திரிகையின் நகல்களோடுதான் கைக்கு வருகிறது; அதைப் படித்து, அறிவியல் தெரிந்த ஒருவரின் ஆலோசனை பெற்று, வழக்கறிஞர் வழியே மனுச் செய்ய அவருக்கு அந்த 15 நாள் எப்படிப் போதும்? போடிநாயக்கனூரின் ஏலக்காய் ஏலத்தில் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வியாபாரியின் முன் வைக்கப்படுகிறது. அவர் காயை உடைத்துப் பார்த்து, நிறமும் பருமனும் பிடித்தால் விலை கேட்கிறார். மூட்டைக்காக மாதிரி பேசும் இன்னொரு இடமான போதைப்பொருள் வழக்கில், இருபதாண்டுச் சிறையை விலையாகக் கொடுக்கப்போகிறவருக்கு அந்த அளவு உரிமைகூட நடைமுறையில் இல்லை.

அமெரிக்கப் படிப்பினை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அனுபவம் இங்கே கருதத்தக்கது. அம்மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வகம் கொடுத்த சான்றிதழ்களை வைத்துத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், பகுப்பாய்வாளரை நேரில் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மோசடியாகவோ திறமையின்றியோ செய்யப்பட்ட ஆய்வைக் களைய அதுவே வழி என்பது அத்தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. மூன்றே ஆண்டுகளில் அந்த அச்சம் மெய்யானது.

2003 முதல் பாஸ்டன் நகரின் ஹின்டன் மாநில ஆய்வகத்தில் பணியாற்றிய அன்னி டூக்கன் என்னும் பகுப்பாய்வாளர், மாதிரிகளைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுச் சோதித்ததாக எழுதினார். எதிர்மறை முடிவு வந்த மாதிரியில் போதைப்பொருளைக் கலந்து நேர்மறையாக்கினார். பெறாத முதுகலைப் பட்டத்தைப் பெற்றதாகச் சொல்லிக்கொண்டார். சக பணியாளர்களைவிடப் பல மடங்கு வேகத்தில் அவர் மாதிரிகளை முடித்தது உடன் வேலை செய்தவர்களுக்கு ஐயத்தைத் தந்தது. அவர்கள் மேலிடத்தில் சொல்லியும் பார்த்தனர். மேலிடமோ அந்த வேகத்தைத் திறமையாகக் கண்டது. 2011 ஜூனில் பதிவேட்டில் கையொப்பமிடாமல் 90 மாதிரிகளை அவர் எடுத்தது தெரியவந்த பிறகும் உண்மை முழுதாக வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆனது. 2012இல் ஆய்வகம் மூடப்பட்டது. 2013இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

இவ்வழக்கின் முக்கியமான பகுதி அதன் பிறகே தொடங்குகிறது. ஒருவரைத் தண்டித்தால் விவகாரம் முடிந்துவிட்டது என்று அம்மாநிலத்தின் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர்களும் குடிமை உரிமை அமைப்புகளும் ஏற்கவில்லை. அவர் தொட்ட ஒவ்வொரு வழக்கிலும் தண்டிக்கப்பட்டவரைக் கண்டுபிடித்துச் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு என்று வாதாடினர். மாநில உச்ச நீதிமன்றம் அரசுத் தரப்பை வழக்கு வழக்காகப் பட்டியலிடச் செய்து, 2017 ஏப்ரலில் 21,587 வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அதே மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் ஆய்வகத்தில் சோதனைக்கு வந்த போதைப்பொருளைத் தானே எடுத்துப் பயன்படுத்திய சோனியா ஃபராக் என்பவரின் விவகாரத்தில், உண்மையின் அளவை அரசு வழக்கறிஞர்களே மறைத்தது அம்பலமாகி, 2018இல் மேலும் ஆயிரக்கணக்கான வழக்குகள் தள்ளுபடி ஆயின. ஆய்வகம் செய்த தவறும் அதை மூடி மறைத்த தவறும் தனித்தனியே கணக்கில் வர வேண்டும் என்பது இந்த இரண்டு வழக்குகளிலிருந்தும் பெறப்படும் பாடம்.

இத்தகைய முறைகேடு ஒரு மாநிலத்தோடு நிற்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஃபிரெட் ஜெய்ன் என்னும் ஆய்வக அலுவலரின் சாட்சியம் எதுவும் நம்பத்தக்கதன்று என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1993இல் கூறியது. டெக்சாஸ் மாநிலம் 2005இல் தடய அறிவியல் ஆணையம் ஒன்றைச் சட்டத்தால் நிறுவியது. ஆய்வகத்தின் மேல் வரும் புகாரை விசாரித்து அறிக்கையை வெளியிடுவது அதன் வேலை. ஹூஸ்டன் நகரில் காவல்துறை ஆய்வகத்தின் டிஎன்ஏ பிரிவு சீர்கேட்டால் 2002இல் மூடப்பட, பின்னர் காவல்துறையின் பிடியிலிருந்து விலகிய தனி ஆய்வகம் உருவாக்கப்பட்டது. உண்மையான வழக்கு மாதிரிகளோடு விடை தெரிந்த மாதிரிகளைப் பகுப்பாய்வாளருக்குத் தெரியாமல் கலந்து அனுப்பும் மறைமுகத் திறன் சோதனையை அது வழக்கமாக்கியது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் இயங்கிய தனியார் ஆய்வகம் ஒன்றில் முடிவுகள் திருத்தப்பட்டிருக்கலாம் என்னும் ஐயம் 2017இல் எழுந்தபோது 10,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் கேள்விக்குள்ளாயின. 2021இல் அங்கே தடய அறிவியல் ஒழுங்காற்றுநருக்குச் சட்ட அதிகாரம் வழங்கப்பட்டது.

இந்தியாவில் இருப்பதும் இல்லாததும்

இந்தியாவில் தடய ஆய்வு புதிய துறையன்று. நாட்டின் முதல் வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் 1849இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் பேராசிரியர் ப. சந்திரசேகரன் தலைமையில் தமிழ்நாடு ஆய்வகம் ஆற்றிய பணி உலகின் கவனத்தைப் பெற்றது. இவ்வளவு நீண்ட மரபு கொண்ட துறைக்கு, அதன் தவறுகளை விசாரிக்கும் தனிச் சட்டமோ தனி ஆணையமோ இன்றுவரை இல்லை. டிஎன்ஏ ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கி, அவற்றை ஒழுங்குபடுத்த வாரியம் அமைக்கக் கருதிய 2019ஆம் ஆண்டின் மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல் ஆய்வகத்தின் கருவிகளையும் நடைமுறைகளையும் பரிசோதித்துச் சான்று தருகிறது. தனிப்பட்ட வழக்கில் நடந்த முறைகேட்டை விசாரிப்பதும், பாதிக்கப்பட்ட கைதிக்கு அறிவிப்பதும் அதன் பணியல்ல.

தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவு பொய்ச் சாட்சியத்துக்கும் 234ஆம் பிரிவு பொய்யெனத் தெரிந்தே சான்றிதழ் அளிப்பதற்கும் தண்டனை வகுக்கின்றன. ஆனால் இவற்றுக்கு உள்நோக்கத்தையோ தெரிந்தே செய்ததையோ மெய்ப்பிக்க வேண்டும். அரசு ஊழியர் பணியின்போது செய்த செயலுக்கு வழக்குத் தொடரப் பொதுவாக அரசின் முன் அனுமதியும் வேண்டும். நடைமுறையில் மிகுதியாக நேர்வது சதியைவிட அலட்சியமே என்பதால், குற்றவியல் சட்டம் மட்டும் இதற்கு மருந்தாகாது. துறை விசாரணையோ துறைக்குள்ளேயே நடந்து, அதன் முடிவு பணியாளரின் கோப்போடு அடங்கிவிடுகிறது. அவர் அறிக்கையால் சிறையில் இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

2008ஆம் ஆண்டின் நொய்டா இரட்டைக் கொலை வழக்கு இதற்கு ஒரு சான்று. வேறொருவரின் அறையில் கைப்பற்றிய தலையணை உறையில் கொல்லப்பட்ட வீட்டுப் பணியாளரின் டிஎன்ஏ இருந்ததாக ஹைதராபாத்தின் மத்திய அரசு டிஎன்ஏ மையத்தின் அறிக்கை காட்டியது. அது உண்மையானால் வழக்கின் திசையே மாறும். 2011இல், இரண்டு பொருள்களின் விவரம் அச்சுப் பிழையால் இடம் மாறிவிட்டது என்று அம்மையம் விளக்கம் தந்தது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சுதந்திரமாகச் சோதித்து, சரி அல்லது தவறு என்று பொதுமக்கள் அறியச் சொல்லும் அதிகாரம் பெற்ற அமைப்பு நாட்டில் இல்லாததால், அந்த ஐயம் 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கொல்லப்பட்ட சிறுமியின் பெற்றோரை விடுவித்த தீர்ப்புக்குப் பின்னும் பேசப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பொறுப்புக்கூறல் இல்லாத இடத்தில் நேர்மையான ஆய்வகமும் தன் நேர்மையை நிறுவ முடியாமல் போகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தத் தேவை பன்மடங்காகிவிட்டது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் குற்ற இடத்துக்குச் சென்று சான்று திரட்டுவதை, மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ளது. ஆய்வகங்களின் மேல் வந்து விழப்போகும் சுமையைச் சட்டம் கூட்டியிருக்கிறது. சுமை கூடும்போது பெருகும் பிழைகளைப் பிடிக்கும் ஏற்பாட்டைச் சேர்க்கவில்லை.

செய்ய வேண்டியவை

ஆய்வகங்களைக் கேள்விக்குள்ளாக்கினால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்னும் மறுப்பு அடிக்கடி எழுகிறது. மாசசூசெட்ஸில் அத்தனை ஆயிரம் வழக்குகள் சரிந்ததற்குக் காரணம் கேள்வி கேட்டது அன்று. ஒன்பது ஆண்டுகள் கேள்வி கேட்காமல் இருந்தது. சுருளி வழக்கிலும் கைமாற்றுத் தொடர் சரியாக இருந்திருந்தால், கொல்லப்பட்ட இருவரின் குடும்பத்தினர் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு விடை இல்லாத கேள்வியோடு நின்றிருக்க மாட்டார்கள். ஆள் பற்றாக்குறையில் தத்தளிக்கும் அறிவியலாளர்கள் மேல் மேலும் பழி சுமத்தலாமா என்னும் மறுப்பு இதைவிட நியாயமானது. அதற்கான விடை, பிழையைத் தானே முன்வந்து சொல்பவருக்குப் பாதுகாப்பும், மறைப்பவருக்குத் தண்டனையும் என்று இரண்டையும் சட்டம் பிரித்து வைப்பதில் இருக்கிறது. டூக்கனின் சக பணியாளர்கள் சொன்னதைக் கேட்க ஒரு காது இருந்திருந்தால் அந்த விவகாரம் ஓரிரு ஆண்டுகளில் முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை காவல்துறைத் தலைமைக்குக் கீழ்ப்படியாத தனித் துறையாக, அறிவியலாளரின் தலைமையில் இயங்குவது நல்ல தொடக்கம். அதன் மேல் நான்கு ஏற்பாடுகள் எழுப்பப்பட வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி, துறைக்கு வெளியே உள்ள அறிவியலாளர், குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர் ஆகியோர் அடங்கிய தடய அறிவியல் ஆணையம் சட்டத்தால் நிறுவப்பட்டு, புகார்களை விசாரித்து முடிவை வெளியிட வேண்டும். உச்ச நீதிமன்றம் கேட்ட கைமாற்றுப் பதிவேடு ஆய்வகத்தின் உள்ளேயும் தொடர வேண்டும். பொட்டலத்தைத் திறந்தவர், சோதனை செய்தவர், சரிபார்த்தவர் ஆகியோரின் பெயரும் நேரமும், கருவி தந்த மூல அளவீடுகளும் அறிக்கையின் இணைப்பாக இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும். மறைமுகத் திறன் சோதனை ஒவ்வொரு பிரிவிலும் நடத்தப்பட்டு, அதன் முடிவு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். ஒரு பகுப்பாய்வாளரின் முறைகேடு உறுதியானால் அவர் தொட்ட எல்லா வழக்குகளையும் பட்டியலிட்டு, தண்டிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அறிவித்து, இலவச சட்ட உதவியோடு மறுவிசாரணைக்கு வழி செய்வதை அரசின் கட்டாயக் கடமையாக்க வேண்டும்.

இந்த நான்கில் கடைசியானதே முதன்மையானது. முதல் மூன்றும் வருங்காலத் தவறுகளைக் குறைக்கும். நான்காவது மட்டுமே ஏற்கெனவே நடந்த தவறில் சிக்கிச் சிறையில் இருப்பவரைச் சென்றடையும். போடிமெட்டில் பிடிபட்டு மதுரைச் சிறையில் பத்தாண்டுக் காலத்தைக் கழிக்கும் தோட்டக் கூலிக்கு, தன்னைச் சிறைக்கு அனுப்பிய அறிக்கையைப் பற்றி ஐயம் எழுந்திருப்பதைத் தானாகத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. அதை அவரிடம் சொல்லும் கடமையைச் சட்டம் அரசின் மேல் சுமத்த வேண்டும். டிஎன்ஏ மசோதா திரும்பப் பெறப்பட்டுவிட்டது. சுருளித் தீர்ப்பு தன் பங்கைச் செய்துவிட்டது. மிச்ச வேலையைத் தமிழ்நாடு சட்டமன்றம் நாடாளுமன்றத்துக்காகக் காத்திராமல் தொடங்க வேண்டும்.